புலியைப் பார்க்காமல் திரும்பிய முகாம்

"டீச்சர், ஒரு புலியக்கூட காணலயே!"

முண்டந்துறையிலிருந்து செங்கோட்டைக்குத் திரும்பும் வேனில் ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி இப்படிச் சொன்னாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "நாலு குரங்கு, ரெண்டு மான். இதுக்கா இவ்வளவு தூரம்?" எங்கள் பள்ளியின் தேசிய பசுமைப் படை மாணவர்களைச் சில ஆண்டுகளுக்கு முன் முதன்முறையாகக் காட்டுக்கு அழைத்துச் சென்ற நாள் அது. காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பினோம். பிள்ளைகள் ஏமாந்து போனார்கள், நானும்தான்.

அவர்கள் மீது தவறில்லை. தொலைக்காட்சியில் அவர்கள் பார்த்த காடு ஆப்பிரிக்கக் காடு. சிங்கம் படுத்திருக்கும், பக்கத்தில் வரிக்குதிரை மேயும், திறந்த வண்டியில் நின்று மக்கள் படம் எடுப்பார்கள். நம் காடும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணி வந்தார்கள். அப்படி இருக்காது, ஏன் இருக்காது என்று நான் முன்கூட்டியே பாடம் நடத்தியிருக்க வேண்டும்.

அடுத்த முறை ஒரு மாதம் தயார் செய்து, ஓர் இரவு தங்கும் முகாமாக அழைத்துச் சென்றேன். அப்போதும் புலியைப் பார்க்கவில்லை. ஆனால் யாரும் ஏமாறவில்லை. இரண்டு பயணங்களுக்கும் இடையே நான் கற்றுக்கொண்டதை, முகாம் நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

செரங்கெட்டியும் முண்டந்துறையும்

'சஃபாரி' என்பது கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழிச் சொல். 'பயணம்' என்பதுதான் அதன் பொருள். விலங்கைப் பார்ப்பது என்ற பொருள் அந்தச் சொல்லில் இல்லை. இதைச் சொன்னதுமே பிள்ளைகளின் எதிர்பார்ப்பு கொஞ்சம் மாறியது.

தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்கா 14,763 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் தெற்குச் சமவெளியில் எரிமலைச் சாம்பல் படிந்த மண் இருக்கிறது. மண்ணுக்குக் கீழே ஓர் இறுகிய அடுக்கு இருப்பதால் மரங்கள் வேரூன்ற முடிவதில்லை. சத்துள்ள குட்டைப் புல் மட்டும் வளர்கிறது. அந்தப் புல்லை நம்பிப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்கள் மழையைத் தொடர்ந்து இடம் பெயர்கின்றன. அவற்றை நம்பிச் சிங்கங்களும் கழுதைப்புலிகளும் வாழ்கின்றன. மறைவதற்கு மரம் குறைவு என்பதால் நெடுந்தூரத்திலிருந்தே எல்லாம் கண்ணில் படுகிறது.

நம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் அதற்கு நேர்மாறானது. களக்காடு, முண்டந்துறை என்ற இரு சரணாலயங்களை இணைத்து 1988-இல் அமைக்கப்பட்டது; தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். அடிவாரத்தில் முட்புதர்க் காடு, அதற்கு மேலே இலையுதிர் காடு, உச்சியை நெருங்க நெருங்கப் பசுமைமாறாக் காடு. பசுமைமாறாக் காட்டில் மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று கோத்துக் கிடப்பதால் தரைக்கு வெயில் வருவதே அரிது. வெயில் இல்லாத இடத்தில் புல் குறைவு. புல் குறைந்தால் பெருங்கூட்டமாக மேயும் விலங்குகளும் குறைவு. சிங்கவால் குரங்கு, கருமந்தி, மலை அணில், இருவாட்சி என அங்குள்ள உயிர்களில் பல மரத்தின் மேலேயே வாழ்கின்றன. புலியோ தனியாக, பெரும்பாலும் இருட்டிலும் அந்தியிலும் திரிவது. நாம் அதைப் பார்க்காவிட்டாலும் அது நம்மைப் பார்த்திருக்கும்.

இந்த இரண்டு இடங்களின் உணவுப் பிரமிடுகளைக் கரும்பலகையில் அருகருகே வரைந்தேன். "எந்தக் காட்டில் விலங்கைப் பார்ப்பது எளிது? ஏன்?" என்று மட்டும் கேட்டேன். மண்ணிலிருந்து தொடங்கி விடை சொன்னார்கள். உணவுச் சங்கிலிப் பாடத்தை இதற்கு முன் இவ்வளவு எளிதாக நான் நடத்தியதில்லை.

வேலையைப் பங்கிடுதல்

கிழக்கு ஆப்பிரிக்காவில் குழுவாகக் கூடாரப் பயணம் செல்வோர் ஒரே வண்டியில் பல நாட்கள் போவார்கள். கூடாரம் அடிப்பது, பாத்திரம் கழுவுவது, பொருட்களை ஏற்றி இறக்குவது எல்லாவற்றிலும் பயணிகளுக்கும் பங்கு உண்டு. வேலி இல்லாத முகாம்களில் இரவில் யானையும் கழுதைப்புலியும் நடமாடும். அதனால் கூடாரத்துக்குள் உணவு வைப்பதில்லை, இருட்டியபின் தனியே வெளியே வருவதில்லை. இந்த ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொண்டேன்.

நம் காப்பகத்தில் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க முடியாது. வனத்துறை அனுமதித்த தங்குமிடத்தில்தான் தங்க வேண்டும். 24 மாணவர்களை ஆறு குழுக்களாகப் பிரித்தேன். குடிநீர், உணவு பரிமாறல், குப்பை, முதலுதவிப் பெட்டி, தலை எண்ணுதல், குறிப்பேடு என்று குழுவுக்கு ஒரு பொறுப்பு. தலை எண்ணும் பொறுப்பை வகுப்பிலேயே மிகவும் துறுதுறுப்பான குழுவுக்குக் கொடுத்தேன். இரண்டு நாளில் அவர்கள் முப்பது முறையாவது எண்ணியிருப்பார்கள்.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் இரவு தங்கலுக்குத் தயங்கினார்கள். சுற்றறிக்கை அனுப்பியதில் பயனில்லை. பெற்றோரை நேரில் அழைத்து, எங்கே தங்குகிறோம், யார் உடன் வருகிறார்கள், கழிப்பறை எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னபின் 11 பேர் வந்தார்கள். இடத்தை நான் முன்னதாகவே ஒருமுறை போய்ப் பார்த்து வந்ததால்தான் அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்ல முடிந்தது.

தடம் பார்த்தல்

விலங்கு கண்ணில் படாத காட்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? தடம், எச்சம், நகக்கீறல், உதிர்ந்த முள், கடித்த பழம், ஒலி. இவற்றைப் படிக்கப் பழக்குவதே முகாமின் பாடம். எங்களுக்கு வழிகாட்டியாக வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் காணி சமூகத்தைச் சேர்ந்தவர். மயிலாறு, இஞ்சிக்குழி போன்ற குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்குள் வாழ்பவர்கள் காணிகள். அந்த இரண்டு நாளும் அவர்தான் ஆசிரியர். நானும் குறிப்பேட்டுடன் மாணவியாக நின்றேன்.

பிள்ளைகள் செய்தவற்றில் வகுப்பறைக்கும் பயன்படும் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, நகம் தெரிகிறதா என்று பார்ப்பது. ஈர மணலில் இரண்டு வகைத் தடங்கள் இருந்தன. நாய், செந்நாய் தடத்தில் நகக்குறி தெரியும். பூனைக் குடும்பம் நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்வதால் குறி விழாது. இதைச் சொல்லிவிட்டு எது எது என்று அவர்களையே முடிவுசெய்ய விட்டேன். ஊரில் தெருநாய்த் தடத்தையும் வீட்டுப் பூனைத் தடத்தையும் வைத்தே இதைப் பழக்கலாம்.

இரண்டாவது, யானையின் உயரத்தைக் கணக்கிடுவது. யானையின் முன்னங்கால் தடம் ஏறக்குறைய வட்டமாக இருக்கும். அதன் சுற்றளவைப் போல இரண்டு மடங்கு, அந்த யானையின் தோள் உயரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். காய்ந்த சேற்றில் பழைய தடம் ஒன்றைக் காவலர் காட்டினார். விட்டம் 40 செ.மீ. அதை 3.14-ஆல் பெருக்கினால் சுற்றளவு 125.6 செ.மீ. இரண்டு மடங்கு 251 செ.மீ. அங்கே இல்லாத யானை ஒன்று இரண்டரை மீட்டர் உயரத்தில் பிள்ளைகள் முன்னால் எழுந்து நின்றது. 'பை' எதற்கு என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது, ஐந்து நிமிட மௌனம். ஆளுக்கு ஒரு தாள். நடுவில் ஒரு புள்ளி; அது நான். ஒலி வரும் திசையில், கேட்கும் தூரத்துக்கு ஏற்ப ஒரு குறி இட வேண்டும். முதல் நிமிடம் சிரிப்பாகவே போனது. பிறகு தாள்கள் நிரம்பின. கருமந்தியின் உரத்த குரல், மலை அணிலின் கடகட ஒலி, ஆற்றின் இரைச்சல். புலியையோ சிறுத்தையையோ கண்டால் மிளாவும் மந்தியும் எச்சரிக்கைக் குரல் கொடுக்கும் என்றார் காவலர். விலங்கைக் காதாலும் பார்க்கலாம் என்று ஒரு மாணவி குறிப்பேட்டில் எழுதினாள்.

இரவில் ஒரு கேள்வி

இரவு உணவுக்குப் பின் எல்லோரும் வராந்தாவில் உட்கார்ந்தோம். யானையைப் பற்றிப் பேச்சு வந்தது. வடகரைப் பக்கத்திலிருந்து வரும் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அதுவரை அதிகம் பேசாமலேயே இருந்தான். "யானையப் பாக்க எதுக்கு டீச்சர் இங்க வரணும்? எங்க தோப்புக்கு அதுவா வருதே" என்றான்.

மேக்கரை, வடகரை, புளியரைப் பகுதிகளில் மலையடிவாரத் தோப்புகளுக்கு யானைகள் இறங்குவது நம் மாவட்டத்தில் எல்லோரும் அறிந்தது. ஒரே இரவில் அவன் வீட்டு வாழை பாதிக்கு மேல் போயிருக்கிறது. அவன் அப்பா டார்ச் விளக்குடன் இரவெல்லாம் காவல் இருக்கிறார். மறுநாள் காலையில் அவரே கூலி வேலைக்கும் போகிறார்.

உடனே இன்னொரு மாணவன், "காட்ட அழிச்சுத் தோப்பு போட்டா வரத்தான செய்யும்" என்றான். இவனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அது எங்க தாத்தா காலத்துப் பட்டா நிலம்லே" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த இன்னொரு மாணவன் சொன்னது என் வாசகம். 'மனிதன் காட்டை ஆக்கிரமித்தான், அதனால் விலங்கு ஊருக்குள் வருகிறது' என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். பல இடங்களுக்கு அது பொருந்தும். ஆனால் அந்த வரியைச் சொன்ன ஒவ்வொரு முறையும், முன் பெஞ்சில் இருந்த ஒரு பிள்ளையின் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறேன். அவன் வகுப்பில் ஏன் பேசுவதில்லை என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

காவலர்தான் பேச்சை எடுத்துச் சென்றார். யானைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 150 கிலோ தீனி வேண்டும். காட்டில் பல மணி நேரம் நடந்து தேட வேண்டியது வாழைத் தோப்பில் ஒரே இடத்தில் கிடைக்கிறது. ஒருமுறை ருசி கண்டால் வழி மறக்காது. "அதுக்குப் பகை கிடையாது தம்பி, பசிதான். உங்க அப்பாவுக்கும் அதேதான்" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

கென்யாவின் விவசாயிகளுக்கும் இதே சிக்கல் உண்டு என்று நான் சொன்னேன். அங்கே சாவோ தேசியப் பூங்காவை ஒட்டிய சில ஊர்களில் வயலைச் சுற்றிக் கம்பி கட்டி அதில் தேன்கூட்டுப் பெட்டிகளைத் தொங்க விட்டிருக்கிறார்கள். யானை கம்பியில் இடித்தால் பெட்டிகள் ஆடும், தேனீக்கள் கிளம்பும். தேனீக்கு யானை அஞ்சும். விவசாயிக்குத் தேனும் கிடைக்கும். மழை பொய்த்துத் தேனீக்கள் குறையும் ஆண்டில் இந்த வேலியின் பலனும் குறைகிறது. இதைக் கேட்டதும் அந்த மாணவன் எத்தனை பெட்டி வேண்டும், எவ்வளவு இடைவெளி என்று கேட்கத் தொடங்கினான். அந்த முகாமில் மிக அதிகமாகக் கேள்வி கேட்டவன் அவன்தான்.

திரும்பி வந்த பிறகு

முகாமின் பாதிப் பாடம் பள்ளிக்குத் திரும்பிய பின் நடந்தது. சமூக அறிவியல் ஆசிரியரின் உதவியுடன் மேக்கரை முதல் புளியரை வரை ஒரு வரைபடம் வரைந்தோம். எந்த மாதத்தில், எந்தத் தோப்புக்கு, எந்த வழியில் யானை வந்தது என்று அந்த ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வந்து குறித்தார்கள். எந்தப் பயிர் உள்ள தோப்பு என்பதையும் வண்ணத்தால் காட்டினார்கள். அந்தப் பாடத்துக்கு வடகரை மாணவனே தலைவன்.

தமிழ் ஆசிரியர் விண்ணப்பம் எழுதும் பாடத்துக்கு இதையே எடுத்துக்கொண்டார். வனவிலங்குகளால் ஏற்படும் பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கோரலாம். தேதி, புல எண், சேதமான மரங்களின் எண்ணிக்கை, நிழற்படம் எல்லாம் இருந்தால்தான் விண்ணப்பம் நிற்கும் என்பது பல வீடுகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பிள்ளைகள் எழுதிய மாதிரியை மூன்று குடும்பங்கள் எடுத்துச் சென்றன.

இப்போதெல்லாம் அந்தப் பாடத்தை நடத்தும்போது 'மனிதன் ஆக்கிரமித்தான்' என்று தொடங்குவதில்லை. "உங்களில் யார் வீட்டுக்கு யானை வந்திருக்கிறது?" என்று கேட்டுத் தொடங்குகிறேன். கைகள் உயர்கின்றன.

முகாமுக்கு முன் சரிபார்க்க

• தலைமையாசிரியர் வழியாகக் கல்வித் துறையின் அனுமதியும் புலிகள் காப்பக அலுவலகத்தின் அனுமதியும் எழுத்து வடிவில் வேண்டும். குறைந்தது ஒரு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள்.

• வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் ஜனவரி, பிப்ரவரி ஏற்ற மாதங்கள். ஆடி அமாவாசையையொட்டிச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் பெருங்கூட்டம் வரும். அந்த நாட்களைத் தவிர்க்கவும்.

• பத்து மாணவருக்கு ஓர் ஆசிரியராவது வேண்டும். மாணவியர் இருந்தால் ஆசிரியைகள் இருவர் கட்டாயம்.

• பெற்றோரின் ஒப்புதல் கடிதத்தில் மாணவரின் ஒவ்வாமை, வலிப்பு, ஆஸ்துமா, வழக்கமாக உண்ணும் மருந்து ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள்.

• பாபநாசம் சோதனைச் சாவடியிலேயே நெகிழிப் பொருட்களைச் சோதிப்பார்கள். எவர்சில்வர் தட்டும் தண்ணீர்க் குப்பியும் ஆளுக்கு ஒன்று. தின்பண்டப் பொட்டலம் வேண்டாம்.

• மங்கிய நிற முழுக்கை உடை, மூடிய காலணி. அட்டைக்கு உப்பு. காட்டிலிருந்து வந்ததும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று உடலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

• குரங்குகளுக்கு எதையும் கொடுக்கக் கூடாது. ஆற்றில் இறங்குவது காவலர் சொல்லும் இடத்தில் மட்டும்.

• புறப்படும் முன் வகுப்பில் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: புலியைப் பார்க்க மாட்டோம். அது இருப்பதற்கான அடையாளங்களைத் தேடப் போகிறோம்.