கறள் பிடித்த மொப்பெட்டும் மண்ணெண்ணெய்க் காலமும்

எமது மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் களஞ்சிய அறையில், பழைய பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும் கால் உடைந்த கதிரைக்கும் பின்னால் அது சாய்ந்து கிடந்தது. முன் சில்லில் காற்றில்லை. தாங்கி முழுவதும் கறள். "வேண்டுமென்றால் எடுத்துக்கொள். இல்லாவிட்டால் டூக்நாட் அன்று குப்பையோடு போய்விடும்" என்றார் கீழ்வீட்டு நோர்வேஜியப் பெரியவர்.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறோம்: டூக்நாட் என்பது குடியிருப்பாளர்கள் எல்லோரும் கூடிச் சம்பளமில்லாமல் செய்யும் சிரமதானம். வசந்த காலத்தில் முற்றம் கூட்டி, களஞ்சியம் ஒதுக்கி, கடைசியில் கோப்பியும் வாவ்லரும் சாப்பிடுவார்கள். தவறாமல் போங்கள். அயலவரின் பெயர் தெரியவருவது அங்கேதான்.

மேலே வந்து விடயத்தைச் சொன்னோம். வீட்டுக்காரி ஒரே பிடியாக நின்றார். "இஞ்சாருங்கோ, இருக்கிற சாமான் வைக்கவே இடமில்லை. உந்தக் கறள் பிடிச்சதைக் கொண்டுவந்து எங்கை வைக்கப் போறியள்?"

பதினைந்து வயது மகன் தலையை நிமிர்த்தவேயில்லை. "உது ஓடாதப்பா" என்றான்.

அந்த ஒரு சொல்தான் எம்மைச் சுட்டது. வந்த நாளிலிருந்து அலுவலகங்களில் எமக்காகப் பேசுபவன் அவன்தான். கடிதம் வந்தால் வாசித்துச் சொல்பவனும் அவனே. வைத்தியரிடம் எமக்கு எங்கே நோகிறது என்பதைக்கூட அவன் வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது. பிள்ளைமேல் குறையில்லை. ஆனால் தகப்பனுக்கு ஒன்றும் தெரியாது என்ற எண்ணம் அவன் மனதில் மெல்ல மெல்லக் குடியேறிக்கொண்டிருந்தது. இது எம் வீட்டில் மட்டும் நடக்கும் கதையல்ல என்பது வாசகர்களுக்குத் தெரியும்.

ஆனால் மோட்டார் சைக்கிள் எமக்குத் தெரியும்.

மாமாவின் கராச்

1970களில் இலங்கையில் வாகன இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அதனால் யாழ்ப்பாணத்தில் பழைய வாகனத்தை எறிவது என்ற பேச்சே இருக்கவில்லை. ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் என்று பழைய பிரித்தானியக் கார்கள் வாடகைக் கார்களாக ஓடின. உதிரிப்பாகம் இல்லையென்றால் கடைசல் பட்டறையில் கடைந்து போட்டார்கள். 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு யப்பானிய ஹொண்டாக்கள் வந்து குவிந்தன. எம்.டி. 90 உம், பெண்கள் ஓடிய சாலியும் இல்லாத ஒழுங்கை இல்லை என்ற நிலை வந்தது.

எமது மாமா ஒருவர் ஊரில் சிறிய கராச் வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் நாம் அங்கேதான். அவரிடம் சொந்தமாக ஒரு பி.எஸ்.ஏ. பன்ரம் இருந்தது. பி.எஸ்.ஏ. என்பது பர்மிங்காமில் துப்பாக்கி செய்த கம்பனி. அதன் சின்னமே சாத்தி வைத்த மூன்று துப்பாக்கிகள்தான். 1948 இல் வெளிவந்த பன்ரம் ஆங்கிலேயர் சிந்தனையில் பிறந்ததல்ல. போரில் தோற்ற ஜேர்மனியிடமிருந்து நட்டஈடாக எடுத்த டி.கே.டபிள்யூ. ஆர்.ரி. 125 இன் வரைபடத்தில் செய்தது. தோற்றவனின் படத்தை வென்றவன் எடுத்து, அது எங்கள் ஒழுங்கைக்கும் வந்து சேர்ந்தது.

1990 யூனில் போர் மீண்டும் மூண்டது. வடக்கிற்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் வருவது நின்றுபோயிற்று. மின்சாரமும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். ஜாம் போத்தலில் திரி போட்டுப் படித்தோம். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின.

இதை இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். விளக்கிச் சொல்கிறோம். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் குளிரில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தைத் தட்டியெழுப்ப வேண்டும். சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடலாம். வெள்ளைப் புகை கக்கும். இயந்திரம் 'டக் டக்' என்று இடிக்கும். பிளக்கில் கரி பிடித்துவிடும். நடுவழியில் நின்று பிளக்கைக் கழற்றித் துடைக்காமல் வீடு போய்ச் சேர்ந்தவர் குறைவு. கசியும் மண்ணெண்ணெய் அடியிலுள்ள எண்ணெயில் கலந்து அதை நீர்த்துப்போகச் செய்யும். இவை எல்லாவற்றுக்கும் மாமா ஒவ்வொரு கைமருந்து வைத்திருந்தார். நாம் படித்த பட்டப்படிப்பு அதுதான். அதற்குச் சான்றிதழ் கிடையாது. இங்குள்ள எந்த அலுவலகத்திலும் காட்ட முடியாது.

ரெம்போ என்றொரு நோர்வே வண்டி

களஞ்சியத்தில் கிடந்தது ஒரு ரெம்போ. நோர்வேயின் தென்மேற்கே சன்னெஸ் என்ற நகரில் 1868 இல் தொடங்கப்பட்ட யூனாஸ் ஓக்லன் நிறுவனத்தின் தயாரிப்பு. நாம் எல்லோரும் இங்கு கண்டிருக்கும் டி.பி.எஸ். சைக்கிளும் அவர்களுடையதே. 'டென் பெஸ்த சிக்கெல்', அதாவது மிகச் சிறந்த சைக்கிள் என்பதன் சுருக்கம் அது. ரெம்போ மொப்பெட்டுகளுக்குச் சட்டத்தை அவர்கள் செய்தார்கள். இயந்திரம் பெரும்பாலும் ஜேர்மனியின் சாக்ஸ். பன்ரத்தைப் போலவே இரண்டடிப்பு இயந்திரம். எண்ணெயைப் பெற்றோலிலேயே கலந்துவிட வேண்டும்.

பெரியவர் தமது கராச்சின் ஒரு மூலையை எமக்குத் தந்தார். இளவயதில் அவரும் இப்படியொன்றில் வேலைக்குப் போனவராம். களஞ்சிய அறையில் வைத்து வேலை செய்ய நினைக்கவே வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னார். பெற்றோல் ஆவி தரையோடு படிந்து நிற்கும். ஒரு பொறி போதும், முழுக் கட்டடத்துக்கும் ஆபத்து.

முதல் வேலை, மிதிக்காமல் இருப்பது. பிஸ்ரன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையால் டீசல் விட்டு ஒரு கிழமை ஊறவிட்டோம். மகன் இரண்டாம் நாளே "இன்னும் ஒண்டும் செய்யேல்லையோ?" என்று எட்டிப் பார்த்தான். "பொறு தம்பி. அவசரப்பட்டு மிதிச்சால் உள்ளுக்கை உடையும்" என்றோம். எட்டாம் நாள் சில்லைக் கையால் மெதுவாக உருட்ட, உள்ளே ஏதோ ஒன்று மூச்சுவிட்டதுபோல் அசைந்தது. அவன் கைத்தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தான்.

தாங்கிக்குள் வினாகிரி ஊற்றி, ஒரு பிடி சிறிய நட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம். மாமாவின் முறை அது. கறள் செம்மண் கரைசலாக வெளியே வந்தது. காபரேற்றரைக் கழற்றி, ஊசியளவு துளைகளை ஊதித் துப்புரவாக்கினோம். பழைய இறப்பர்க் குழாய்களை மாற்றினோம். இன்றைய 95 ஒக்டேன் பெற்றோலில் எதனோல் கலக்கப்படுகிறது. அது ஈரத்தை இழுக்கும், பழைய இறப்பரையும் அரிக்கும்.

அடுத்தது பிளக்குக்கு நெருப்புக் கொடுக்கும் பொயின்ற். எமெறித் தாளால் உரசி, இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். கராச்சில் மாமாவிடம் அளவுகோல் இருந்ததில்லை. ஒரு மட்டைத் துண்டை இடையில் விட்டு, அது இழுபடும் இறுக்கத்தை வைத்தே பார்ப்பார். நாமும் அப்படியே செய்தோம். இதற்கிடையில் மகன் நோர்வேஜிய மொழியிலிருந்த பழைய கைநூலைத் தேடிப் பிடித்துவிட்டான். "அப்பா, 0.4 மில்லிமீற்றர் எண்டு போட்டிருக்கு" என்றான். பெரியவரிடம் அளவுத் தகடு வாங்கி வைத்துப் பார்த்தான். சரியாக நின்றது. இன்னொரு தரம் வைத்துப் பார்த்தான். பிறகு எமது கையைப் பார்த்தான்.

அன்றிலிருந்து அவன் வாசித்தான், நாம் பூட்டினோம். இடையில் அவன் பூட்ட, நாம் விளக்கு பிடித்தோம். இந்த மொழிபெயர்ப்பு எமக்குக் கூச்சம் தரவில்லை.

திருவொற்றியூரில் பிழைத்த வண்டி

பழையதைக் கைவிடாமல் வைத்திருப்பதன் பெருமைக்கு நல்ல சாட்சி தமிழ்நாட்டில் இருக்கிறது. றோயல் என்பீல்ட் இங்கிலாந்தின் ரெடிச் நகரத்துக் கம்பனி. இந்திய இராணுவத்துக்கு புல்லட் தேவைப்பட, 1955 இல் மெட்ராஸ் மோட்டோர்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து என்பீல்ட் இந்தியா உருவானது. சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. 1970 அளவில் இங்கிலாந்தில் எல்லாம் மூடப்பட்டன. திருவொற்றியூர்க்காரர் நிறுத்தவில்லை. அதே பழைய மாதிரியைச் செய்துகொண்டேயிருந்து, 1977 இல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கினார்கள். பிறந்த வீட்டில் செத்தது, புகுந்த வீட்டில் வாழ்ந்தது.

நீங்களும் தொடங்க விரும்பினால்

ஒஸ்லோவில் பழைய வாகனப் பிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நோர்வே கப் உதைபந்தாட்டம் நடக்கும் எக்கபெர்க் திடலில் பழைய உதிரிப்பாகச் சந்தையும் கூடுவதுண்டு. பழைய வண்டிகளைப் பார்க்க ஷெல்சோசிலுள்ள தொழில்நுட்ப நூதனசாலைக்குப் பிள்ளைகளோடு போய்வாருங்கள். வாங்கும்போது பின்வருவனவற்றைக் கவனியுங்கள்:

பதிவுப் பத்திரமான வொக்ன்கூட்டைக் கேளுங்கள். சட்டத்தில் அடித்த இலக்கமும் பத்திரத்திலுள்ள இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். பத்திரம் இல்லையென்றால், காசு கொடுக்குமுன் வீதித் திணைக்களமான ஸ்தாத்தென்ஸ் வேய்வேசெனில் விசாரியுங்கள். களவு வண்டி வாங்கிய பழி எம்மவருக்கு வேண்டாம்.

மொப்பெட் ஓடவும் ஏ.எம். வகுப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். வயது 16 ஆகியிருக்க வேண்டும். அடிப்படைப் போக்குவரத்து வகுப்புக்கு 15 வயதிலேயே போகலாம். இலக்கத்தகடும் காப்புறுதியும் இல்லாமல் வீதியில் இறங்காதீர்கள்.

பழைய பிறேக் கட்டைகளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கலாம். அந்தத் தூசியை வாயால் ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். ரயர் பார்வைக்கு நன்றாயிருந்தாலும் வயதானால் வெடித்துப் பிளக்கும், புதிது போடுங்கள். குளிர்காலத்தில் வீதியில் உப்புப் போடுவார்கள், வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

இலாபம் வரும் என்று எண்ணி இறங்க வேண்டாம். செலவைக் கூட்டினால் வண்டி விலைபோகாது.

நாலு நிமிடம்

மே மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் ரெம்போ பேசியது. மகன்தான் மிதித்தான். ஏழாம் மிதியோ எட்டாம் மிதியோ, நீலப் புகை கக்கிக்கொண்டு பிடித்தது. பெரியவர் கோப்பிக் குவளையோடு ஓடிவந்தார். நாலு நிமிடம் ஓடி, இருமி, நின்றது. இன்னும் பிறேக் கம்பி மாற்றவேண்டும், பதிவு செய்யவேண்டும், நிறம் அடிக்கவேண்டும்.

கைகழுவும்போது மகன் கேட்டான்: "அப்பா, உங்கடை மாமாவின்ரை மோட்டச்சைக்கிள் இப்ப எங்கை?"

ஊரைப்பற்றி அவன் தானாகக் கேட்ட முதற்கேள்வி அது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்ததைச் சொன்னோம். வீதி நிறையச் சனம், மழை, ஓடவும் முடியாது, உருட்டவும் முடியாது. மாமா பன்ரத்தைக் கராச்சுக்குள் விட்டு, சாவியை மடியில் கட்டிக்கொண்டு நடந்தார். 1996 இல் திரும்பிப் போனபோது நிலத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. சாவி கடைசிவரை அவரிடமே இருந்தது.

மகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தச் சாமான் என்ன நிறம்?" என்றான்.

பச்சை என்றோம். ரெம்போவுக்கும் பச்சை அடிப்பதென்று முடிவாகியிருக்கிறது. வீட்டுக்காரிக்கு நிறம் பிடிக்கவில்லை. ஆனால் எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று இப்போது கேட்பதில்லை.

வாசகர்களே, உங்கள் கைக்கும் ஒரு தொழில் தெரிந்திருக்கும்: தையலோ, மேசன் வேலையோ, வலை பின்னலோ. அதை இங்கே யாரும் கேட்கமாட்டார்கள். நீங்களாகவே வெளியே எடுத்து, பிள்ளையைப் பக்கத்தில் இருத்திச் செய்து காட்டுங்கள். அவர்கள் கேட்கத் தொடங்குவார்கள்.