சுற்றுச்சூழல் பாடம் வகுப்பறையைத் தாண்டுமா? பாகாலாவில் பிறக்கும் சுவர்ணமுகி காட்டும் வழி

பாகாலா: காட்பாடியிலிருந்து திருப்பதி செல்லும் ரயில் பயணிகளுக்குப் பாகாலா ஒரு சந்திப்பு நிலையமாக மட்டுமே அறிமுகம். சுமார் 130 கி.மீ. ஓடி வங்கக் கடலில் கலக்கும் சுவர்ணமுகி ஆறு, இவ்வூருக்கு அருகே கிழக்குத் தொடர்ச்சி மலையில்தான் உற்பத்தியாகிறது. பல பல்கலைக்கழகங்கள் அமைந்துள்ள திருப்பதிப் பகுதி வழியாகவே அது செல்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகக் கிடக்கும் இந்த ஆறு, அங்கு பயிலும் மாணவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள ஆய்வுக்கூடமாகும்.

கட்டாயப் பாடமானது எப்படி?

எம்.சி.மேத்தா தொடர்ந்த பொதுநல வழக்கில், 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே சுற்றுச்சூழல் கல்வி கட்டாயமாவதற்கு அடித்தளமிட்டது. அதன் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக் குழு, இளநிலைப் பட்டப் படிப்புகளுக்கு ஆறு மாதப் பாடத்திட்டத்தை உருவாக்கியது. அதில் 50 வகுப்புகளில் 5 மட்டுமே களப்பணிக்கு உரியவை; மதிப்பெண்ணில் 25 அதற்கு ஒதுக்கப்பட்டது. நடைமுறையில் பல இடங்களில் முந்தைய ஆண்டு மாணவரின் பதிவேட்டைப் பார்த்து எழுதுவதே களப்பணி என்றாகிவிட்டது. 2023-இல் மானியக் குழு வெளியிட்ட புதிய வழிகாட்டுதல், பாடத்துக்கு 4 கிரெடிட் அளித்து, களப்பணியையும் நேரடி ஆய்வுகளையும் வலியுறுத்துகிறது.

குடுவைக்குள் தெரியும் உண்மை

செலவு குறைந்த செயல்திட்டங்களே மாணவர்களை அதிகம் ஈர்க்கக்கூடியவை. ஏரி நீரைக் குடுவையில் எடுத்து மாங்கனீசு சல்பேட், காரம் கலந்த அயோடைடு கரைசல்களைச் சேர்த்தால், நீரில் ஆக்சிஜன் கரைந்திருக்கும்போது பழுப்பு நிற வீழ்படிவு உண்டாகும்; ஆக்சிஜன் இல்லையெனில் வெள்ளையாகவே இருக்கும். கழிவுநீர் கலக்கும் இடத்திலும், அதற்குச் சற்று மேலேயும் எடுத்த இரு குடுவைகளை அருகருகே வைத்துப் பார்த்த மாணவருக்கு 'நீர் மாசு' என்பதற்குத் தனி விளக்கம் தேவைப்படாது. மையின்றி, வண்ணமின்றி வரையப்பட்ட சுவரொட்டி அது.

வரைபடம் தயாரிப்பது மற்றொரு வழி. பழைய நில வரைபடத்தில் உள்ள நீர்வரத்துக் கால்வாய்களை இன்றைய செயற்கைக்கோள் படத்துடன் ஒப்பிட்டு, மறைந்த கால்வாய்களை நேரில் சென்று குறிக்க வேண்டும். தமிழில் ஏரி, தெலுங்கில் செருவு. இரு மொழியும் புழங்கும் இப்பகுதியில் முதியவர்களிடம் கேட்டறியும் தகவல் வேறெந்த ஆவணத்திலும் இருக்காது.

இது வெறும் மதிப்பெண் விவகாரமல்ல. 2021 நவம்பரில் பெய்த கனமழையால் சுவர்ணமுகியில் வெள்ளம் பெருக்கெடுத்தது. திருப்பதி அருகே உள்ள பழமையான ராயலசெருவு ஏரியின் கரையில் கசிவு ஏற்பட்டதால், கீழ்ப்பகுதிக் கிராம மக்கள் வெளியேறுமாறு அறிவுறுத்தப்பட்டனர். எந்தக் கால்வாய் அடைபட்டுள்ளது, உபரிநீர் எவ்வழியே வடியும் என்பதைக் காட்டும் மாணவர் வரைபடம், ஊராட்சி அலுவலகச் சுவரில் தொங்கினால் அதற்குப் பயன் உண்டு. அதே தகவலை வீதி நாடகமாகவோ, செல்பேசியில் எடுத்த குறும்படமாகவோ ஊர் மக்களிடம் கொண்டு செல்லலாம்.

தடை எங்கே?

பருவத் தேர்வு முறையே பெரிய இடையூறு. கிணற்று நீர்மட்டத்தை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும், அது முடிந்த பின்பும் அளந்தால்தான் ஒப்பிட முடியும். மழை ஓயும் டிசம்பரிலோ மாணவர்கள் தேர்வில் மூழ்கியிருப்பர். எனவே ஓர் ஆண்டு மாணவர்கள் அளந்த அதே கிணறுகளை அடுத்த ஆண்டு மாணவர்கள் மீண்டும் அளக்கும் வகையில், பதிவேட்டைத் துறையே பாதுகாத்து ஒப்படைக்க வேண்டியுள்ளது. அப்போது முந்தைய ஆண்டின் பதிவேடு பார்த்து எழுதுவதற்கு அல்ல, ஒப்பிடுவதற்குப் பயன்படும்.