பெட்டியில் 4.4, ஸ்கிரீனில் 1.3... உங்க கம்ப்யூட்டர் உங்களை ஏமாத்துதா?

ராத்திரி பத்து மணி. காலையில கன்டெய்னர் கிளம்பணும். பேக்கிங் லிஸ்ட்ல ஒரே ஒரு கார்ட்டன் எண்ணிக்கையை மாத்தணும். ஆனா, எக்ஸெல் சுத்திக்கிட்டே இருக்கு. அவினாசி ரோடு எக்ஸ்போர்ட் ஆபீஸோ, காதர்பேட்டை பனியன் கடையோ, திருப்பூர்ல வேலை பார்க்கிறவங்களுக்கு இந்தக் காட்சி புதுசில்லை.

"ஏனுங்க, போன வருஷம் வாங்கின லேப்டாப்... அதுக்குள்ள இப்படி நகருது?" என்று ஒருத்தர் டாஸ்க் மேனேஜரைத் திறப்பார். வாங்கும்போது 4.4 கிகாஹெர்ட்ஸ் என்று சொன்னாங்க. ஸ்கிரீன்ல 1.3 என்று இருக்கும். "நல்லா ஏமாத்திட்டாங்க, புதுசு வாங்கிடலாம்" என்று முடிவே எடுத்துடுவாங்க.

கொஞ்சம் பொறுங்க பாஸ். ஒரு மாசச் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கொட்டுறதுக்கு முன்னாடி, ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க.

அந்த நம்பர் என்ன சொல்லுது?

ஒரு கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 100 கோடி துடிப்பு. புராசஸருக்கு இதில் இரண்டு நம்பர் உண்டு. தொடர்ந்து கனமான வேலை கொடுத்தாலும் தாங்கி ஓடுற வேகம், பேஸ் ஸ்பீட். சூடும் கரன்ட்டும் இடம் கொடுக்கும்போது எட்டிப்பிடிக்கிற உச்ச வேகம், டர்போ. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுறது பெரும்பாலும் இரண்டாவதைத்தான்.

உதாரணமா, இன்டெல் கோர் ஐ5 1235யூ. 2022-ல் வந்த இந்த லேப்டாப் புராசஸரோட உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ். பேஸ் ஸ்பீட் வெறும் 1.3 தான். ரெண்டுமே உண்மை. டாஸ்க் மேனேஜர்ல 'பேஸ் ஸ்பீட்' என்ற இடத்தில் தெரியிற 1.3 மாறவே மாறாது. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பக்கத்தில் பெரிய எழுத்தில் ஓடிக்கிட்டிருக்கும் 'ஸ்பீட்'தான் அந்த நொடியோட நிஜ வேகம்.

நிட்டிங் மெஷினை நினைச்சுப் பாருங்க. கேட்டலாக்ல போட்டிருக்கிற அதிகபட்ச ஆர்.பி.எம்-ல யாராவது நாள் முழுக்க ஓட்டுவாங்களா? நூலோட தரம், மெஷினோட சூடு எல்லாம் பார்த்துத்தான் ஆபரேட்டர் வேகம் வைப்பார். இன்னொண்ணு, ஒரே ஆர்.பி.எம்-ல ஓடினாலும் ஃபீடர் அதிகமா இருக்கிற மெஷின்தான் அதிகத் துணி கொடுக்கும். புராசஸரும் அப்படியே. ஒரு துடிப்புக்கு எவ்வளவு வேலை முடிக்குது என்பதும் முக்கியம். அதனால பழைய 3.5-ஐவிட புது 2.5 வேகமா இருக்கலாம்.

முதல்ல இதைப் பாருங்க

எந்த வேலையில ஸ்லோ ஆகுதோ, அதே வேலையை ஆரம்பிங்க. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்தினா டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போங்க.

* சிபியூ 5, 10 சதவிகிதம், ஸ்பீடும் கம்மி: வேலை இல்லாதப்போ வேகத்தைக் குறைச்சு கரன்ட்டை மிச்சப்படுத்துது. அவ்வளவுதான். வேற இடத்தைப் பாருங்க.
* டிஸ்க் 100 சதவிகிதத்திலேயே நிக்குது: புராசஸர் சும்மா காத்துக்கிட்டிருக்கு. பழைய ஹார்டு டிஸ்க்கை எஸ்.எஸ்.டி-யா மாத்தினாலே கம்ப்யூட்டர் வேற ஆளா மாறிடும்.
* மெமரி 90 சதவிகிதத்தைத் தாண்டுது: முப்பது டேப் திறந்திருக்கிற பிரவுசரை மூடிப் பாருங்க. அப்பவும் குறையலைனா, ரேம் பத்தலை.
* சிபியூ 100 சதவிகிதத்தை ஒட்டி, ஆனா ஸ்பீட் மட்டும் பேஸுக்குக் கீழே: இதுதான் நிஜமான கோளாறு. மேலே படிங்க.

யார் பிரேக் போடுறது?

*செட்டிங்ஸ்:* விண்டோஸ் 11-ல செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போனா 'பவர் மோட்' இருக்கும். பேட்டரி மிச்சம் பிடிக்கிற மோட்ல இருந்தா 'பெஸ்ட் பெர்ஃபாமன்ஸ்'க்கு மாத்துங்க. செலவு பூஜ்யம்.

*சார்ஜர்:* 65 வாட்ஸ் கேட்கிற லேப்டாப்புக்கு, டைப் சி பொருந்துதே என்று போன் சார்ஜரைச் செருகினா, கிடைக்கிற கரன்ட்டுக்குத் தகுந்த மாதிரி அது வேகத்தைக் குறைச்சுக்கும். சில லேப்டாப்கள் தன் கம்பெனி சார்ஜர் இல்லைனு தெரிஞ்சாலே படுத்துடும். எவ்வளவு வேலை கொடுத்தாலும் 0.4, 0.8 என்று ஒரே இடத்தில் ஸ்பீட் நின்னா, முதல்ல ஒரிஜினல் சார்ஜரைப் போட்டுப் பாருங்க.

*சூடு:* திருப்பூர்ல அதிகமா சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பல லேப்டாப் புராசஸர்கள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன்னைக் காப்பாத்திக்க தானே வேகத்தைக் குறைக்கும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள்ல வெப்பநிலையைப் பார்க்கலாம். 'தெர்மல் த்ராட்லிங்' என்ற இடத்தில் 'எஸ்' என்று காட்டினா, காரணம் கிடைச்சாச்சு.

பஞ்சு செய்யிற வேலை

சாதாரண வீட்டுத் தூசி பொடியா இருக்கும். நம்ம ஊர் தூசி அப்படி இல்லை. நிட்டிங், கட்டிங் செக்‌ஷன்ல பறக்கிற பஞ்சு, நாரும் நாருமா பின்னிக்கிட்டு, ஃபேனுக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவுல துணி மாதிரியே படியும். ஃபேன் சத்தமா சுத்தும். காத்து மட்டும் வெளியே வராது.

சுத்தம் செய்யிறது எப்படி? கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்குங்க. ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால பிடிச்சுக்கிட்டு, மெல்லிய பிரஷ்ஷால பஞ்சை எடுங்க. கம்பெனியில மெஷின் துடைக்கிற கம்ப்ரஸர் கன்னைத் தூக்கிட்டு வந்துடாதீங்க. அந்தக் காத்துல தண்ணியும் ஆயிலும் கலந்து வரலாம். அந்த அழுத்தத்துக்கு ஃபேன் தாறுமாறா சுத்தி உடையவும் செய்யும். லேப்டாப்பைத் திறக்கத் தெரியலைனா சர்வீஸ் கடையில கொடுங்க. சில வருஷம் ஆன மெஷின்னா தெர்மல் பேஸ்ட்டையும் மாத்தச் சொல்லுங்க.

அப்புறம், சிபியூ பெட்டியைத் தரையில வைக்காதீங்க. பஞ்சு வந்து அடையிற இடமே அதுதான். ஒரு ஸ்டூல் மேல ஏத்தி, பின்பக்கம் சுவரை ஒட்டாம வைங்க. கட்டிங் டேபிளுக்குப் பக்கத்தில இருக்கிற கம்ப்யூட்டரை, ஆபீஸ்ல இருக்கிறதைவிட அடிக்கடி திறந்து பார்க்கணும்.

உங்க கையில இருக்கிற போனும்...

போனுக்கு ஃபேன் கிடையாது. வெயில்ல பைக் ஹோல்டர்ல மாட்டி, சார்ஜும் போட்டு மேப் பார்த்தா, அதுவும் வேகத்தைக் குறைக்கும். கவரைக் கழட்டி நிழல்ல வைங்க. ஃபிரிட்ஜுக்குள்ள மட்டும் வைக்காதீங்க, உள்ளே ஈரம் கோத்துக்கும்.

பேட்டரிக்கும் இதில் பங்கு உண்டு. பழைய பேட்டரியால போன் திடீர்னு அணைஞ்சுபோறதைத் தடுக்க, சில ஐபோன்களோட வேகத்தைக் குறைச்சதை 2017 டிசம்பர்ல ஆப்பிளே ஒத்துக்கிச்சு. எதிர்ப்பு கிளம்பினதும், 79 டாலரா இருந்த பேட்டரி மாத்துற கட்டணத்தை 29 டாலராகக் குறைச்சது. புது போன் வாங்க நினைச்ச பலருக்கு, புது பேட்டரியே போதுமானதா இருந்தது.

கம்ப்யூட்டருக்கும் அதே கணக்குதான். செட்டிங்ஸ், சார்ஜர், சூடு, டிஸ்க், ரேம். இந்த அஞ்சையும் பார்த்த பிறகும் நகரலைனா, தாராளமா புதுசு வாங்குங்க. கடைக்காரர் "4.4 சார்" என்று சொல்லும்போது மட்டும், "பேஸ் ஸ்பீட் எவ்வளவுங்க?" என்று ஒரு கேள்வி கேட்டுடுங்க!