ப்ளீஸ்... இங்கே மரம் நடாதீங்க!

கொடைக்கானல் டூர் போனவங்க ஆல்பத்தைப் புரட்டுங்க. பைன் மரங்களுக்கு நடுவே, தோள்மேல் கை போட்டு நிற்கிற குரூப் போட்டோ ஒண்ணு கண்டிப்பா இருக்கும். 'சூப்பர் காடு மச்சி!' என்று கமென்ட் வேறு. அடுத்த தடவை போனால், போஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி இரண்டே நிமிஷம் சத்தம் போடாம நின்னு கேளுங்க. பறவைக் குரல் ரொம்பக் கம்மியாத்தான் காதில் விழும். காரணம் சிம்பிள். அது காடே இல்லை, பாஸ். மனுஷன் வரிசையா நட்டு வளர்த்த தோட்டம்!

அப்படின்னா, அங்கே முன்னாடி என்ன இருந்துச்சு? புல்!

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளுக்கென்று ஒரு தனி அமைப்பு உண்டு. மலையின் மடிப்புகளில், ஓடை ஓடுகிற இடங்களில், குட்டை மரங்கள் நெருக்கியடித்து நிற்கும். அதுதான் சோலை. மீதிச் சரிவெல்லாம் புல்வெளி. இது யாரோ மரத்தை வெட்டியதால் வந்த பொட்டல் இல்லை. பல்லாயிரம் வருஷமாகவே அப்படித்தான். ஆனால், வெள்ளைக்காரன் கண்ணுக்கு அது 'வீணாகக் கிடக்கிற நிலம்'. 19-ம் நூற்றாண்டிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸும், இங்கே 'சீகை' என்று சொல்கிற வாட்டில் மரமும் நீலகிரிக்கு வந்து இறங்கிவிட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் சும்மா இருக்கவில்லை. தோல் பதனிட வாட்டில் பட்டை வேணும், ரேயான் கூழுக்குக் கட்டை வேணும் என்று மலை மலையாக நட்டோம்.

விளைவு? பழனி மலைத் தொடரின் சாட்டிலைட் படங்களை வைத்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியானது. 1973-க்கும் 2014-க்கும் இடையில் அங்கே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு காலி! நாற்பது வருஷம்தான். 

'மரம்தானே வந்திருக்கு, நல்லதுதானே?' என்று கேட்பீங்க. அந்தக் கேள்வியை நீலகிரி நெட்டைக்காலியிடம் கேட்கணும். பெயரைக் கேட்டு மயிலை எதிர்பார்க்காதீங்க. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் நீளம், பழுப்பு உடம்பு, கறுப்புக் கோடுகள். புல்லில் உட்கார்ந்தால் புல்லோடு புல்லாகிவிடும். கூடு கட்டுவது தரையில், புல் தூருக்குள். இரை தேடுவதும் அங்கேயே. உலகத்திலேயே தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளைத் தவிர வேறெங்கும் கிடையாது. முக்கூர்த்தியில் பார்க்கலாம், மூணாறு பக்கம் இரவிகுளத்தில் பார்க்கலாம். வாட்டில் வளர்ந்து நிழல் விழுந்தால் புல் சாகும். புல் செத்தால் நெட்டைக்காலிக்கு வீடு இல்லை. வலசை போகிற பழக்கமும் கிடையாது. மேலே ஏறலாம் என்றால், அது ஏற்கெனவே உச்சியில்தான் இருக்கிறது. அழியும் ஆபத்தில் உள்ள பறவைகள் பட்டியலில் இதன் பெயர் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

பக்கத்துச் சோலைக்குள் வேறு கதை. அங்கே நீலச் சிறகோடு புதருக்கடியில் நழுவி ஓடும் நீலகிரி சோலைச்சிட்டு. கெக்கெக்கே என்று கும்பலாகச் சிரிக்கும் நீலகிரிச் சிரிப்பான். இவங்களுக்கு உயரமான மலை உச்சிகள்தான் உலகம். கீழே இருக்கிற சூடான சமவெளி, கடக்க முடியாத கடல் மாதிரி. அதனால்தான் விஞ்ஞானிகள் இந்த உச்சிகளை 'வானத் தீவுகள்' என்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஒரு சோலைச்சிட்டு, தெற்கே ஆனைமலை, பழனியில் அதற்கு ஒரு பங்காளி. லட்சக்கணக்கான வருஷம் பிரிந்தே இருந்து, தனித்தனி இனமாகிவிட்டார்கள். 2017-ல் மரபணுவை ஆராய்ந்தவர்கள், 'இவை உலகில் வேறெங்கும் இல்லாத பேரினம்' என்று சொல்லி, சோலைச்சிட்டுகளுக்கு 'ஷோலிகோலா' என்று பெயர் வைத்தார்கள். நம்ம 'சோலை' அறிவியல் பெயரிலேயே ஏறிவிட்டது!

புல் போனால் பறவை மட்டுமா போகும்? நம்ம மாநில விலங்கு வரையாடு மேய்வது அந்தச் சரிவில்தான். தோடர்களின் எருமைகளுக்கு மேய்ச்சலும், கோயில் கூரை வேயப் புல்லும் கொடுத்தது அந்த நிலம்தான். மழைநீரை உறிஞ்சி வைத்து, பவானிக்கும் மோயாற்றுக்கும் மெதுவாக அனுப்பியதும் அதே நிலம்தான்.

'அப்போ எல்லா வாட்டிலையும் வெட்டித் தள்ளிடலாமே!' அவசரப்படாதீங்க. வாட்டில் பயங்கரமான கில்லாடி. அதன் விதைகள் மண்ணுக்குள் பல பத்து வருஷம் உயிரோடு தூங்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டதும் ஒண்ணு போன இடத்தில் நூறு முளைக்கும். வருஷக்கணக்கில் ஆள் விட்டு நாற்றுகளைப் பிடுங்கிக்கிட்டே இருக்கணும். இன்னொரு சிக்கலும் உண்டு. சில பழைய தோட்டங்களின் நிழலில் சோலை மரக் கன்றுகளே மெல்ல முளைத்து வருகின்றன. அங்கே கோடாரியோடு போனால் அதுவும் போச்சு. எங்கே வெட்டணும், எங்கே விட்டு வைக்கணும் என்று இடத்துக்கு இடம் பார்த்துத்தான் முடிவு செய்யணும்.

வேலை ஆரம்பிக்காமலும் இல்லை. 2022-ல் தமிழக அரசு அந்நிய ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே கொண்டு வந்தது. அதே வருஷம் 25.14 கோடி ரூபாயில் அறிவித்த வரையாடு திட்டத்தில், அப்பர் பவானியில் சோலைப் புல்வெளியை மீட்கிற வேலையும் ஒரு பகுதி. வரையாட்டுக்குப் போடுகிற பாயில் நெட்டைக்காலிக்கும் இடம் கிடைக்கும்.

உங்க என்.எஸ்.எஸ். டீம் மலைக்கு மரம் நடக் கிளம்பினால், வேன் ஏறுவதற்கு முன்னாடி ஆபீஸரிடம் இதைக் கேட்டுடுங்க: 'சார், நாம நடப்போற இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு? எந்த மரம் நடறோம்?' புல்வெளி என்று பதில் வந்தால், கன்றுகளைக் கீழே ஊருக்குள்ளேயே, ரோட்டோரத்திலோ கேம்பஸிலோ நட்டுடுங்க. மலையில் வாட்டில் நாற்று பிடுங்குகிற வேலை ஏதாவது இருக்கா என்று வனத்துறையிடம் கேட்டால் அதுவே பெரிய சேவை. கை காய்க்கும், பரவாயில்லை.

பறவை பார்க்கக் கத்துக்கணுமா? ஊட்டி வரை போக வேண்டாம். ஒவ்வொரு பிப்ரவரியிலும் நாடு முழுக்கக் கல்லூரிகளில் கேம்பஸ் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பைனாகுலர் இல்லாட்டியும் பரவாயில்லை, ஒரு நோட்டும் பேனாவும் போதும். காலை ஏழு மணிக்கு கிரிக்கெட் கிரவுண்டுக்குப் போங்க. புல்லில் வாலை மேலும் கீழும் ஆட்டிக்கிட்டு, விறுவிறுன்னு ஓடி ஓடி நிற்கிற பழுப்புப் பறவை ஒண்ணு பெரும்பாலும் கண்ணில் படும். அது வயல் நெட்டைக்காலி. மலைமேல் இருக்கிறவரோட சித்தப்பா பையன்!