ஊன்றிய பல்

உண்பதற்கே அன்றி உரைப்பதற்கும் பல் வேண்டும். எழுத்துப் பிறக்கும் எட்டு இடங்களுள் பல்லையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்தார். திருத்தணிகையின் 365 படிகளைத் தளராது ஏறும் முதியவரும், பல் இழந்தபின் வேலவன் பெயரை விளங்கச் சொல்ல மாட்டாது வருந்துவர்.

கீழ்த்தாடையில் வைக்கும் பொய்ப்பல் வரிசை நாவின் அசைவால் எளிதில் நழுவும். ஆதலின் மருத்துவர் தாடையெலும்பில் டைட்டானியத் திருகுகளை ஊன்றி, அவற்றின்மேல் அதனைப் பொருத்துவர். இவ்வுலோகத்தோடு எலும்பு ஒன்றுதலைச் சுவீடன் நாட்டுப் பிரானமார்க் 1952-இல் முயலிடத்துக் கண்டு, 1965-இல் மனிதர்க்குப் பயன்படுத்தினார்.

ஊன்றிய அன்று திருகின் புரிகளே பிடித்து நிற்கும். பழைய எலும்பு கரைந்து புதியது வளருமுன், சில வாரங்கள் அப்பிடிப்புச் சற்றுத் தளரும். துளையிடுங்கால் நீர் பாய்ச்சிச் சூடு தணித்தலும், புகையிலையை விலக்குதலும், ஏறத்தாழ மூன்று திங்கள் சுமையேற்றாது பொறுத்தலும் உறுதி தரும்.

மாணவர்களே, நட்ட நாற்றை நாளும் அசைத்தால் வேர் பிடிக்குமோ?