பழைய எஞ்சினைத் தேய்ப்பது வேகமல்ல

ஐம்பது, அறுபது வயதைக் கடந்த கார்களை உயிராகப் பேணுகிறவர்கள் பினாங்கில் இன்னும் இருக்கிறார்கள். மோரிஸ் மைனர், மினி கூப்பர், எம்.ஜி.பி., ஜாகுவார் என அந்த வண்டிகளின் எஞ்சினைக் காப்பாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு காரியங்களைச் செய்வார்கள். ஞாயிறு காலையில் வண்டியை எடுத்து கர்னி டிரைவ் வரை மெதுவாக ஓட்டிவிட்டு வந்து, துணி போட்டு மூடிவைப்பது ஒன்று. கடையில் இருப்பதிலேயே புதிய தரக்குறியீடு கொண்ட, விலை கூடிய ஆயிலை ஊற்றுவது இன்னொன்று. இரண்டும் பாசத்தால் செய்பவைதாம். ஆனால் அந்த எஞ்சினுக்குள் மிகக் கடுமையான உராய்வைத் தாங்கும் கேம்ஷாஃப்டுக்கு இரண்டுமே கேடாக முடியலாம். எஞ்சின் எந்தக் காலத்து அமைப்போ அதற்கேற்ற ஆயிலும், அது விரும்பும் ஓட்டமுமே அதைக் காக்கும். இதற்கான சான்றுகள் உராய்வு அறிவியலில் தெளிவாகவே இருக்கின்றன.

கேம்ஷாஃப்ட் என்பது முட்டை வடிவப் புடைப்புகள் கொண்ட தண்டு. கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றும்போது இது ஒரு சுற்று சுற்றும். லோப் எனப்படும் ஒவ்வொரு புடைப்பும் டேப்பட்டைத் தள்ள, வால்வு திறக்கும். ஸ்பிரிங் அதை மீண்டும் மூடும். இக்கால எஞ்சின்கள் பலவற்றில் லோபைத் தொடும் இடத்தில் ஒரு சிறு உருளை இருக்கும். அங்கே வழுக்கலுக்குப் பதில் உருளல்தான் நடக்கும். 1951இல் வெளிவந்து பின்னர் மோரிஸ் மைனரிலும் மினியிலும் ஓடிய ஏ-சீரிஸ் எஞ்சினிலும், 1948இல் அறிமுகமான ஜாகுவாரின் எக்ஸ்.கே. எஞ்சினிலும் அந்த உருளை கிடையாது. லோபின் முகம் டேப்பட்டின் தட்டை முகத்தின்மேல் நேரடியாக வழுக்கிச் செல்லும். வளைந்த முகமும் தட்டை முகமும் தொடும் இடம் மிகக் குறுகிய ஒரு கோடு. ஸ்பிரிங்கின் முழு விசையும் அந்தக் கோட்டில் இறங்குவதால், அங்கே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குப் பல டன்னை எட்டுகிறது. பந்தயத் திறன் கொண்ட எஞ்சின்களில் சுமை இன்னும் கூடும். 1962இல் சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் நடந்த மலேசிய கிராண்ட் பிரி பந்தயத்தில் யோங் நாம் கீ ஓட்டி வென்ற ஜாகுவார் இ-டைப் போன்ற வண்டிகளில், உயர் வேகத்தில் வால்வு துள்ளாமல் லோபோடு ஒட்டி ஓட வேண்டும். அதற்கு வலுவான ஸ்பிரிங் தேவை. ஸ்பிரிங்கின் வலு கூடக்கூட லோபின் மேலுள்ள பாரமும் கூடும்.

வேகமாக ஓட்டினால்தான் லோப் தேயும் என்று தோன்றுவது இயல்பு. இயற்பியல் வேறு விடை தருகிறது. லோபுக்கும் டேப்பட்டுக்கும் இடையிலான ஆயில் படலத்தைப் பம்பின் அழுத்தம் உருவாக்குவதில்லை. பரப்புகளின் ஓட்டமே ஆயிலை இடுக்குக்குள் இழுத்துச் செல்கிறது. டங்கன் டௌசன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் வகுத்த சூத்திரங்களின்படி, படலத்தின் கனம் வேகத்தையும் ஆயிலின் பிசுபிசுப்பையும் ஏறக்குறைய 0.7 என்ற அடுக்கில் சார்ந்திருக்கிறது. ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்றாக இருக்கும் எஞ்சின் 2,400 சுற்றுக்கு ஏறினால், படலம் இரண்டு மடங்குக்கு மேல் தடிக்கும். சுமை இரட்டிப்பானாலோ படலம் பத்து விழுக்காட்டுக்கும் குறைவாகவே மெலியும். இன்னொரு காரணமும் உண்டு. உயர் வேகத்தில் வால்வு, டேப்பட் ஆகியவற்றின் நிலைமம் ஸ்பிரிங்கின் விசையில் ஒரு பகுதியை ஈடுகட்டிவிடுவதால், லோபின் உச்சியில் இறங்கும் பாரம் குறைகிறது. ஐட்லிங்கில் அந்தச் சலுகை இல்லை. முழுப் பாரமும் மெல்லிய படலத்தின்மேல் விழுகிறது. ஏ-சீரிஸ் போலக் கேம்ஷாஃப்ட் பிளாக்கின் உள்ளே இருக்கும் எஞ்சின்களில், லோபுகளுக்கு ஆயில் கிடைப்பது கிராங்க் சுழன்று தெறிப்பதால்தான்; மெதுவாகச் சுற்றினால் தெறிப்பும் குறையும். புதிய கேம் பொருத்திய எஞ்சினை முதல் இருபது நிமிடம் 2,000 சுற்றுக்குக் கீழே இறங்கவிடாமல் ஓட்ட வேண்டும் என்று கேம் தயாரிப்பாளர்கள் வலியுறுத்துவது இதனால்தான். ஆயில்களை மதிப்பிடப் பல்லாண்டுகள் பயன்பட்ட சீக்குவென்ஸ் 4ஏ என்ற கேம் தேய்மானச் சோதனையும் இதையே காட்டுகிறது. நிசானின் 2.4 லிட்டர் எஞ்சின் அதில் 100 மணி நேரம் ஓடும். ஒவ்வொரு மணியிலும் 50 நிமிடம் 800 சுற்று, 10 நிமிடம் 1,500 சுற்று. கேமை வதைக்க வேண்டும் என்று அமைத்த சோதனையே ஐட்லிங்கைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறது.

படலம் மெலிந்து உலோகம் உலோகத்தைத் தொடும் அந்த நேரத்தில் கைகொடுப்பது வேதியியல். ஸிங்க் டையால்கைல் டைதியோபாஸ்பேட் என்ற சேர்மம் 1940களில் எஞ்சின் ஆயிலுக்குள் வந்தது. ஆயில் கெடாமலும் பேரிங் அரிக்காமலும் இருக்கவே முதலில் சேர்த்தார்கள். தேய்மானத்தைத் தடுக்கும் அதன் வல்லமை பிறகுதான் தெரியவந்தது. வெப்பமும் உராய்வும் சேரும் இடத்தில் இந்தச் சேர்மம் சிதைந்து, இரும்பின்மேல் பாஸ்பேட் கண்ணாடி போன்ற ஓர் ஏட்டைப் படியவைக்கிறது. அதன் கனம் ஏறக்குறைய 100 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தேய வேண்டியது அந்த ஏடுதான்; தேய்ந்த இடத்தில் ஆயிலிலுள்ள சேர்மம் மறுபடியும் படியும். ஏட்டைப் புதுப்பிக்கப் போதிய அளவு இல்லாவிட்டால் லோபின் கடினப்படுத்திய மேற்பரப்பே தேயத் தொடங்கும். அது போய்விட்டால் உள்ளிருக்கும் மென்மையான இரும்பு விரைந்து கரையும். துகள்கள் ஆயிலோடு போய்ப் பேரிங்குகளையும் கீறும்.

புதிய தர ஆயில்களில் இந்தச் சேர்மத்தைக் குறைத்துவிட்டார்கள். ஏன்? காரணம் நியாயமானதே. எஞ்சின் சிறிதளவு ஆயிலை எரிக்கும்போது இந்தச் சேர்மத்திலிருந்து வெளியேறும் பாஸ்பரஸ், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரின் பரப்பில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. ஆகவே 0.12 விழுக்காடு அளவில் இருந்த பாஸ்பரஸ் வரம்பு, 1996இல் வந்த எஸ்.ஜே. என்ற ஆயில் தரத்தில் 0.10 ஆகவும், 2004இல் வந்த எஸ்.எம். தரத்தில் 0.08 ஆகவும் இறங்கியது. உருளை பொருத்திய எஞ்சின்களுக்கு இதனால் குறை ஏதுமில்லை. கன்வர்ட்டரே இல்லாத 1960களின் வண்டிக்கோ இந்தக் குறைப்பால் ஒரு பயனும் இல்லை. இழப்பு மட்டும் உண்டு.

புதிய தர ஆயில்கள் பழைய எஞ்சின்களுக்கும் பொருந்தும் என்றுதானே சொல்கிறார்கள் என்று கேட்கலாம். அந்தக் கூற்று பொய்யல்ல. அதற்கு ஓர் எல்லை உண்டு. ஆயில்களைச் சோதிக்கும் அந்த நிசான் எஞ்சினிலும், அதற்கு அடுத்து வந்த சோதனையில் பயன்படும் டொயோட்டாவின் 1.5 லிட்டர் எஞ்சினிலும் உருளை இல்லை என்பது உண்மை. ஆனால் அவை தொழிற்சாலை அளவிலான ஸ்பிரிங்கோடு ஓடும் அன்றாடக் கார் எஞ்சின்கள். உயரமான லோபும் இறுகிய ஸ்பிரிங்கும் கொண்ட மினி கூப்பர் எஸ் எஞ்சினுக்கு அந்தச் சோதனைகளில் ஆயில் பெறும் தேர்ச்சி உத்தரவாதம் ஆகாது. எந்த ஆயில் ஊற்றினாலும் எங்கள் மைனர் நாற்பது ஆண்டாக ஓடுகிறதே என்பது அடுத்த வாதம். அதுவும் உண்மையாக இருக்கலாம். அதன் ஸ்பிரிங் மென்மையானது. லோபும் டேப்பட்டும் பல்லாண்டு ஒன்றோடொன்று பழகி வழவழப்பாகிவிட்டவை. அதே எஞ்சினைப் பிரித்துப் புதிய கேமும் வலுவான ஸ்பிரிங்கும் போட்டுவிட்டால், அந்த நாற்பது ஆண்டு அனுபவம் செல்லாது.

அப்படியானால் ஸிங்க் கலவையைத் தனியாக வாங்கி ஊற்றினால் போதுமே என்பவர்களும் உண்டு. அளவு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும். பாஸ்பரஸ் 0.2 விழுக்காட்டை நெருங்கினால் அது இரும்பையே தாக்கிப் பரப்பைச் சில்லு சில்லாகப் பெயர்க்கும் ஆபத்து உண்டு. அதோடு, ஆயிலிலுள்ள டிடர்ஜென்ட் போன்ற மற்றச் சேர்மங்களும் இரும்புப் பரப்பில் இடம்பிடிக்கப் போட்டியிடுகின்றன. ஆயில் என்பது அளந்து சேர்த்த கூட்டு. வீட்டில் வைத்துக் கலந்தால் அந்தச் சமநிலை குலையும். விலை கூடிய செயற்கை ஆயில் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. அடிப்படை எண்ணெய் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பாஸ்பரஸ் எவ்வளவு சேர்த்திருக்கிறார்கள் என்பது தனிக் கணக்கு.

பினாங்கின் தட்பவெப்பம் இந்த விஷயத்தில் நமக்குப் பாதி சாதகம், பாதி பாதகம். இங்கே வெப்பநிலை பொதுவாக 23 டிகிரிக்கும் 32 டிகிரிக்கும் இடையிலேயே இருப்பதால், பனி நாடுகளுக்காக மெலிதாக்கிய 0டபிள்யூ, 5டபிள்யூ வகைகள் பழைய எஞ்சினுக்குத் தேவையில்லை. 20டபிள்யூ-50 போன்ற தடித்த ஆயில் தயக்கமின்றிப் பாயும். சூட்டிலும் படலத்தைக் காக்கும். 0.08 என்ற உச்சவரம்பும் மெலிந்த வகைகளுக்கே உரியது. 20டபிள்யூ-50க்கு அந்தத் தடை இல்லை. எனவே புதிய தரக்குறியீடு கொண்ட 20டபிள்யூ-50 ஆயில்களிலும் போதிய பாஸ்பரஸ் உள்ளவை இருக்கலாம். மினியில் கியர்பாக்ஸும் எஞ்சின் ஆயிலிலேயே ஓடுவதால், பற்சக்கரங்கள் ஆயிலை நசுக்கி விரைவில் மெலிதாக்கும்; அதன் ஆயிலை அடிக்கடி மாற்றுவது அவசியம். பாதகம் என்பது ஈரப்பதம். குறுகிய ஓட்டத்தில் எஞ்சின் முழுச் சூடு ஏறாது. எரிப்பில் உண்டாகும் நீரும் எரியாத பெட்ரோலும் ஆயிலில் தங்கும். பிறகு வாரக்கணக்கில் மூடிவைத்தால் லோபின்மேல் துரு பிடிக்கும். அடுத்த ஸ்டார்ட்டில் அந்தத் துருவே அரம். ஜோர்ஜ்டவுன் சந்துகளில் சிவப்பு விளக்குக்கு விளக்கு நின்று திரும்புவதைவிட, தெலுக் பஹாங் வழியாக பாலிக் புலாவ் வரை சீரான வேகத்தில் ஒரு முறை போய்வருவது எஞ்சினுக்கு நல்லது.

ஆகவே, பழைய வண்டி வைத்திருப்பவர்களும் பட்டறைக்காரர்களும் ஆயில் வாங்கும்போது டப்பாவின் விளம்பரத்தை நம்பாமல், தயாரிப்பாளரின் தரவுத் தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பாஸ்பரஸ் 0.10 முதல் 0.14 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். பிசுபிசுப்பு எஞ்சினின் கையேடு சொல்லும் அளவில் இருக்கட்டும். அந்த ஆயிலை கன்வர்ட்டர் உள்ள புதிய காருக்கு ஊற்றாதீர்கள். ஸ்டார்ட் செய்த எஞ்சினை நின்ற இடத்திலேயே நெடுநேரம் ஓடவிடாதீர்கள். எடுத்தால் முழுச் சூடு ஏறும்வரை ஓட்டுங்கள். தேய்ந்த லோபை எந்த ஆயிலும் மீட்டுத் தராது.