மலைக்குக் கீழே கடல் – 17: இராவணன் கோட்டைக்குக் காவல் யார்?

சென்ற வாரம் ஹிக்கடுவையில் நின்றோம். கண்ணாடி அடிப்படகு, மிதிபட்ட முருகைக்கல், பெரலியவில் ரயிலைப் புரட்டிய அலை. விட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். முருகைப் பாறைகளைக் காக்கும் அமைப்புகளின் தலைமைக்கு யார் யார் வந்து சேர்கிறார்கள் என்பதை இந்த வாரம் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். எழுதத்தான் போகிறேன். அதற்குள் ஒரு நிலப்படம் குறுக்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

பண்டாரவளைக்குப் பக்கத்து மலைகளில் ஊறிக் கிளம்புகிறது கிரிந்தி ஓயா. எல்லவுக்குக் கீழே, வெல்லவாய வீதியில் வாகனத்தை நிறுத்தி எல்லோரும் படம் எடுக்கிறார்களே, அந்த இராவணா எல்ல அருவியின் தண்ணீரும் இதில்தான் சேர்கிறது. வெல்லவாய, தணமல்வில, லுணுகம்வெஹெர, திஸ்ஸமஹாராம என்று 117 கிலோமீற்றர் ஓடி, கிரிந்தவுக்குப் பக்கத்தில் கடலில் விழுகிறது. இதெல்லாம் பள்ளிக்கூடத்துப் பாடம். என் தூக்கத்தைக் கெடுத்தது அதற்கும் அப்பால் இருப்பது. கிரிந்தக் கரையிலிருந்து பத்துக் கிலோமீற்றரையும் தாண்டி நடுக்கடலில் ஒரு பாறைத்தொடர் தலைகாட்டுகிறது. ஆங்கிலேயர் வரைபடத்தில் அதற்கு கிரேட் பாஸஸ் என்று பெயர். சிங்களத்தில் மகா இராவணா கோட்டுவ, இராவணனின் பெரிய கோட்டை. கரையோரமாக வடகிழக்கே போனால் குடா இராவணா கோட்டுவ, சின்னக் கோட்டை. அவன் கோட்டையைக் கடல் கொண்டுபோன இடம் அது என்பது அந்தக் கரையின் கதை.

ஆற்றின் தலைமாட்டில் இராவணன் பேரில் அருவி, கால்மாட்டுக்கு நேரே கடலுக்குள் இராவணன் பேரில் கோட்டை. நடுவில் ஓடுவது நம் ஊர்த் தண்ணீர். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எவருக்காவது நிர்வாகக் குழுக்களைப் பற்றி எழுத மனம் வருமா?

அந்தப் பெரிய கோட்டையின் மேல் ஒரு வெளிச்சவீடு நிற்கிறது. 1873 மார்ச்சில் முதல் விளக்கு ஏற்றினார்கள். அதற்கான கருங்கற்களை ஸ்கொட்லாந்தில் வெட்டி, தரையில் ஒன்றோடொன்று பொருத்திச் சரிபார்த்து, கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தார்கள். வருடத்தில் கடல் அடங்கியிருக்கும் சில மாதங்களில் மட்டும்தான் பாறையில் கால் வைக்க முடியும். 1961 மார்ச்சில் மைக் வில்சன் என்ற படப்பிடிப்பாளர் இரண்டு அமெரிக்கச் சிறுவர்களை அங்கே நீந்தவிட்டுக் கடலடிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணில் பட்டது ஒரு சின்னப் பீரங்கி. அதற்குப் பக்கத்தில் வெள்ளி ரூபாய்கள்! ஔரங்கசீப் காலத்தவை, சூரத்தில் 1702-இல் அச்சிட்டவை. பை பையாகக் கட்டிவைத்த காசு, பை அழுகிப்போன பிறகும் பையின் உருவத்திலேயே ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தது. வில்சனின் கூட்டாளி ஆர்தர் சி. கிளார்க் இதை வைத்து 1964-இல் ஒரு புத்தகமே எழுதினார். விண்வெளிக் கதைகளுக்குப் பேர்போன அதே கிளார்க்தான். நாணயக் கட்டி பற்றி இன்னும் இரண்டு பத்தி எழுதலாம், ஆசிரியர் வெட்டிவிடுவார்.

கடல் படித்தவர்கள் குறுக்கிடுமுன் நானே சொல்லிவிடுகிறேன். அந்தக் கோட்டையின் அடித்தளம் மணற்கல். முருகை அதன்மேல் பிற்பாடு குடியேறியது.

சரி, தலைமை. பாறையைக் காக்கும் நாற்காலியில் யாரை உட்காரவைப்பது? இந்தக் கேள்வி காட்டுக்கு முதலில் வந்தது, கடலுக்குப் பிறகு வந்தது. காட்டுக்கு வந்த விதத்தில் நம் பதுளைக்கும் பங்கு உண்டு.

பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தவர் மேஜர் தோமஸ் ரொஜர்ஸ். அவர் சுட்ட யானைகள் 1,400 என்பார்கள். அதற்குமேல் எண்ணுவதை நிறுத்திவிட்டாராம். 1845-இல் அப்புத்தளை வாடிவீட்டில் தங்கியிருந்தபோது, மழை விட்டதா என்று பார்க்க வராந்தாவுக்கு வந்தவரை மின்னல் அடித்துக் கொன்றது. பதுளை சென்ட் மார்க்ஸ் தேவாலயம் அவர் நினைவாக எழுந்தது. நுவரெலியாவில் இருக்கும் அவர் கல்லறையிலும் பின்னால் இடி விழுந்ததாகச் சொல்வார்கள். யானை கொடுத்த சாபம் என்று தோட்டத்துக் கிழவிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன், நான் மறுத்ததில்லை.

அந்தப் பரம்பரையில் வந்த துரைமாரும் வேட்டைக்காரரும்தான் 1894-இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை ஆரம்பித்தார்கள். சுடுவதற்கு நாளைக்கும் ஏதாவது மிஞ்ச வேண்டும் என்ற கவலைதான் முதலில் அவர்களைக் கூட்டியது. அதே சங்கம் இன்று வனஜீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கமாக நிற்கிறது, துப்பாக்கியை எப்போதோ கீழே வைத்துவிட்டது. கொன்றவனுக்குத்தான் குறைவது முதலில் தெரிகிறது என்பதை நான் கேலியாகச் சொல்லவில்லை.

கடலிலும் அதுவேதான் நடந்தது. ரொட்னி ஜோங்க்லாஸ் விலங்கியல் படித்தவர், தெஹிவளை மிருகக்காட்சிசாலையில் வேலை பார்த்தவர், இந்தத் தீவில் ஈட்டித் துப்பாக்கியோடு முருகைப் பாறைகளில் மூழ்கிய முன்னோடிகளில் ஒருவர். பெரிய களவா மீன்களைக் குத்தினார். அலங்கார மீன்களை உயிரோடு பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழிலிலும் முன்னோடி. 1954-இல் அவுஸ்திரேலியா போகும் வழியில் கொழும்பில் இறங்கிய கிளார்க்குக்கு இந்தக் கடலைப் பற்றிச் சொல்லி ஆசை காட்டியவரும் அவர்தான். பிறகு ஈட்டியை விட்டார், பாறைகளுக்காகப் பேச ஆரம்பித்தார். மீன் எந்தப் பொந்தில் படுக்கும் என்று கைக்குத் தெரிந்தவர் பேசும்போது அதிகாரிகளால் தட்டிக்கழிக்க முடியவில்லை.

இதற்கு நேர்மாறான கதை அவுஸ்திரேலியாவில். அங்கே பெருந்தடுப்புப் பாறைக்கென்று ஓர் அறக்கட்டளை இருக்கிறது. 2018-இல் அன்றைய பிரதமர் மல்கம் டேர்ன்புல் அதன் தலைவர் ஜோன் ஷுபர்ட்டைச் சந்தித்தார். கேள்விப்பத்திரம் கோராமல், விண்ணப்பம் கூட இல்லாமல், 443 மில்லியன் டொலர் அந்தச் சின்ன அமைப்புக்குப் போனது. அன்று அதன் முழுநேர ஊழியர் ஒரு கைக்கும் இன்னொரு விரலுக்கும் அடங்கினார்கள். ஷுபர்ட் எண்ணெய்க் கம்பனியையும் வங்கியையும் நடத்தியவர். அமைப்புக்குத் துணை நின்ற பெரிய நிறுவனங்களில் சுரங்கக்காரர்களும் நிலக்கரிக்காரர்களும் இருந்தார்கள். மறு வருடம் கணக்காய்வு அலுவலகம் அந்தக் கொடுப்பனவைக் குறைகூறியது. பணக்காரர் குழுவில் இருக்கக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. பாறை வெளுப்பதற்குக் காரணமான சூட்டை விற்பவரே பாறையின் வாசலில் காவலுக்கு நின்றால், களவு போனது என்று யார் வந்து சொல்வது?

இலங்கையில் இப்போது வேறு வகையான ஆட்கள் முன்வரிசைக்கு வருகிறார்கள். அர்ஜான் ராஜசூரிய, அரசின் நீர்வாழ் வள ஆய்வு நிறுவனமான நாராவில் பல வருடம் பாறை பாறையாக மூழ்கி அளந்தவர். பிறகு ஐ.யூ.சி.என். அமைப்பின் கடலோரத் திட்டத்துக்குப் போனார், தெற்காசியாவின் முருகைக் கண்காணிப்பையும் ஒருங்கிணைத்தார். 1998-இல் கடல் சூடேறியபோது கற்பிட்டிக்கு வெளியே இருக்கும் பார் ரீஃபில் ஆழம் குறைந்த இடங்களில் உயிருள்ள முருகை 80 சதவீதத்துக்குக் கிட்ட இருந்தது, கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போனது. இந்த வித்தியாசத்தை நாம் அறிவது, சாவுக்கு முன்னும் பின்னும் இறங்கி எண்ணியவர்கள் இருந்ததால்தான். புளூ ரிசோர்சஸ் டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கியவர்களில் நிஷான் பெரேரா முருகைப் பாறை ஆய்வாளர், டேனியல் பெர்னாண்டோ திருக்கையையும் சுறாவையும் தேடி மீன் சந்தைகளில் விடியற்காலை நின்றவர். இந்த மாதிரி ஆட்கள் தலைமைக்கு வருவது எனக்குச் சந்தோஷம். அறிக்கை வாசிப்பவர் ஒரு பக்கம் நிற்கட்டும், அறிக்கைக்கு நனைந்தவர் நாற்காலியில் இருக்கட்டும்.

ஆனாலும் மனம் முழுசாக ஆறவில்லை. ஆறாததற்குக் காரணம் அந்தப் பாழாய்ப்போன நிலப்படம்.

முருகைக்கல்லைக் கட்டுவது குண்டூசித் தலை அளவுக்குச் சின்ன உயிர்கள். அவற்றின் தசைக்குள் ஒரு வகைப் பாசி குடியிருந்து, வெயிலில் சமைத்து, வாடகையாகச் சாப்பாடு போடுகிறது. கடல் ஓரிரு பாகை கூடச் சூடேறி நின்றால் பாசி வெளியே போய்விடும், கல் வெளுத்துப் பட்டினி கிடக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த வெளுப்பு. அதிகம் பேசாதது சேறு. கலங்கிய தண்ணீரில் வெயில் இறங்காது. மேலே படியும் மண்ணை அந்த உயிர் கோழையைச் சுரந்து தள்ளித் தள்ளியே களைத்துப்போகும். களைத்த பாறைக்குச் சூடும் வந்தால் எழும்பாது.

அந்த மண் எங்கிருந்து கிளம்புகிறது? நகரத்துக்கு மேலே ஒரு பழைய தேயிலை மலை. போன மழையில் அங்கே போய் நின்றேன். கான் நிரம்பி, பால் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் துள்ளிக்கொண்டு இறங்கியது. கானின் குறுக்கே மண் தேங்குவதற்கு வெட்டிய குழிகள் தூர்ந்து புல் முளைத்துக் கிடந்தன. தேயிலைத் தூர்களின் வேர் ஒரு சாண் வெளியே நின்றது, பிடித்துக்கொள்ள மண் இல்லாமல். கூட வந்த ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளையிடம் பாறைக் கதையைச் சொன்னேன்.

“கடல் எங்கேயோ கெடக்குது. நம்ம கான் தண்ணிக்கும் அதுக்கும் என்ன தம்பி சம்பந்தம்?”

கிரிந்தி ஓயாவைச் சொன்னேன். கொஞ்ச நேரம் காலால் மண்ணைக் கிளறினார்.

“எங்க காலத்துல கான் வெட்டுக்குன்னே தனி ஆளுக இருந்தாங்க. கவ்வாத்து முடிஞ்சா கான் வெட்டு, மழைக்கு முந்தி குழி அள்ளணும். துரை வந்து கம்பை விட்டு ஆழம் பாப்பாரு. இப்ப முழுப் பேரு போடுறது கொழுந்துக்கு மட்டுந்தானே தம்பி?”

நூறு வருடத் தேயிலையில் மலைநாட்டு நிலங்கள் சராசரியாக 30 சென்ரிமீற்றர் மேல்மண்ணை இழந்தன என்று 1980-களில் மண் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். அவ்வளவும் கிரிந்தக் கடலுக்குப் போய்விடவில்லை. லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் நடுவில் பிடித்துக்கொள்கிறது, குளத்தின் வயிறு தூர்கிறது. ஆனால் மேலே செய்வது கீழே போய்ச் சேரும் என்பதற்கு அந்த ஆறே சாட்சி. நீர்த்தேக்கம் வந்து வயல் விரிந்ததும், வயலின் வடிகால் நீர் பூந்தல களப்புகளுக்குள் இறங்கியது. உப்பு குறைந்தது, இறால் குறைந்தது, பறவைகளின் மேய்ச்சல் மாறியது. 1990-இல் இலங்கையின் முதல் ரம்சார் ஈரநிலமாக அறிவித்த அதே பூந்தலதான்.

இப்போது அந்த ஆற்றுக்குப் புதுத் தண்ணீரும் வருகிறது. உமா ஓயா மகாவலிப் பக்கம் ஓட வேண்டிய ஆறு. சுரங்கம் தோண்டி, மலைக்கடியில் 120 மெகாவொட் மின்சாரம் எடுத்து, கிரிந்தி ஓயா பக்கம் திருப்பிவிட்டார்கள். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் தண்ணீர் பீறிட்டதும் பண்டாரவளையில் கிணறுகள் வற்றியதும் வீட்டுச் சுவர்கள் வெடித்ததும் இந்தத் தொடரின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்களில் பலர் அந்தச் சுவருக்குள்தான் இருக்கிறீர்கள். 2024 ஏப்ரல் 24-ஆம் திகதி ஈரான் ஜனாதிபதி ரைசி வந்து திட்டத்தைத் திறந்துவைத்தார். அதே மாதம் 15-ஆம் திகதிதான் உலகம் தழுவிய நான்காவது முருகை வெளுப்பை விஞ்ஞானிகள் அறிவித்திருந்தார்கள். இரண்டு செய்தியையும் ஒரே மாதம் பத்திரிகையில் பார்த்தோம், ஒன்றோடொன்று சேர்த்து வாசிக்க யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

ஹிக்கடுவையில் 1990-களில் கரையோரத் திணைக்களம் விசேட முகாமைத்துவத் திட்டம் போட்டபோது ஹோட்டல்காரர், கண்ணாடிப் படகுக்காரர், மீனவர் எல்லோரையும் ஒரே மேசைக்கு இழுத்தார்கள். சண்டை இல்லாத கூட்டம் குறைவு. இருந்தாலும் பாறையைத் தொடுகிற கை ஒவ்வொன்றும் அங்கே இருந்தது. கூட்டத்தில் இல்லாதவர் மலைக்காரர். சின்ன ஓடைகள் விழும் கரை என்பதால் அங்கே அது பெரிய குறையாகத் தெரிந்திருக்காது. கிரிந்தி ஓயாவுக்கு அப்படி முடியாது. இராவணன் கோட்டைக்கு என்றாவது ஒரு காவல் குழு அமையுமானால், மூழ்கத் தெரிந்த விஞ்ஞானிக்குப் பக்கத்தில் வெலிமடை உருளைக்கிழங்குத் தோட்டக்காரரும், நீர்ப்பாசனத் திணைக்களத்தாரும், கான் ஆழம் தெரிந்த ஒரு கணக்கப்பிள்ளையும் இருக்க வேண்டும். கணக்கப்பிள்ளையிடம் கேட்டேன். பஸ் செலவு கொடுப்பார்களா என்றார். நியாயமான கேள்வி. இத்தகைய குழுக்களில் ஊர்க்காரர் இரண்டாவது கூட்டத்தோடு நின்றுபோவது பெரும்பாலும் அதனால்தான்.

மன்னார் வளைகுடாவின் மறுகரையைத் தொட இடமில்லாமல் போய்விட்டது. சுண்ணாம்புக்கும் சீமெந்துக்கும் முருகைக்கல் எடுத்து எடுத்து, பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போன கதையும், தூத்துக்குடியில் அந்தப் பாறைகளை மறுபடி நட்டுக்கொண்டிருக்கும் பேட்டர்சன் எட்வர்டின் கதையும் அடுத்த வாரம். வெள்ளிக் காசுகள் பற்றி இன்னும் எழுதச் சொல்லி ஐந்து கடிதமாவது வந்தால் அதற்கும் இடம் கேட்டுப் பார்க்கிறேன்.